திருத்தாமல் அனுப்பவும்

கல்முனை
19.01.1998

தங்கேஸ்வரித் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தோடு முத்தலிப்பின் ஐஸ் லொறியில் ஒரு பிஸ்கட் தகரம் வரும். உள்ளே பிஸ்கட் இல்லை, மொடம் இருக்கிறது. டெலிபோன் வயரில் கொம்பியூட்டரைக் கதைக்க வைக்கிற பெட்டி அதுதான். போன கிழமை அனுப்பியது வந்து சேரவில்லை என்று என்மேல் பாய்ந்து எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்ய? அது செக்பொயின்ட்டில் செத்துப்போனது. சிவப்பு வெளிச்சம் வைத்த பெட்டியைக் கண்டதும் குண்டு வெடிக்கவைக்கிற சாமான் என்று நினைத்துவிட்டார்கள். முத்தலிப்பை ஐஸ் கட்டிகளின் மேல் குப்புறப் போட்டு, முதுகில் ஏறி நின்று, முகத்தைத் திருப்பித் துவக்குப் பிடியால் வாயில் குத்தியிருக்கிறார்கள். நோன்பு பிடித்த வாய். முன்பற்கள் போய்விட்டன. பிறகு மொடத்தைத் தார் ரோட்டில் போட்டு மிதித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "காக்கா, அந்தப் பெட்டிக்குள்ள அப்பிடி என்னதான் இரிக்கி?" என்று என்னிடம் கேட்டான். "ஊர்ப்பட்ட ஆக்கள்ற கதை இரிக்கிடா" என்றேன். "நான் கத்தின கத்துல அதுவும் பயந்து செத்திரிக்கும்" என்றான். இந்த முறையும் தானே கொண்டுவருகிறேன் என்று நிற்கிறான். பைத்தியக்காரன்.

இனி வேலையைச் சொல்கிறேன். உங்கள் உபதபாற் கந்தோருக்கு வருகிற வயர் ஒன்றுதான் வினாயகபுரத்துக்கு இருக்கிற வாய். கொழும்பு நிறுவனம் தந்த அந்தப் பழைய கொம்பியூட்டரில், வருகிற சனங்கள் சொல்வதைப் பகலெல்லாம் அடித்து வையுங்கள். தமிழை இங்கிலீசு எழுத்தில் அடித்தால் போதும். பின்னேரம் நான் நோன்பு திறந்த பிறகு ஒரே ஒரு டெலிபோன் கோல். எல்லாம் மூட்டையாக என் கடைக்கு வந்துவிடும். என் பெட்டி கொழும்புக்கு ஒரு கோல் எடுத்து மூட்டையைக் கொடுக்கும். அங்கிருந்து டோஹாவோ குவைத்தோ, போகிற இடத்துக்குப் போகும். பதிலும் அதே வழியால் வரும். நாளுக்கு ஒரு கோல் என்பதால்தான் இது ஏழைகளுக்குக் கட்டும்.

உங்கள் வயர் இரைச்சல் பிடித்தது. எழுத்துகள் உடைந்து வரும். உடைந்ததை நான் இங்கே கையால் திருத்தி அனுப்புவேன். இவ்வளவு காலம் ரேடியோ திருத்தியவனுக்கு எழுத்துத் திருத்துவதா கஷ்டம்?

ஜவுபர்


வினாயகபுரம்
02.02.1998

ஜவுபர் காக்காவுக்கு,

பெருநாள் வட்டிலப்பம் வந்தது. செக்பொயின்ட்டில் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டிருக்கிறார்கள். அந்தப் பாதி நன்றாக இருந்தது. வீட்டில் ஹப்ஸா ராத்தாவிடம் சொல்லுங்கள்.

மொடமும் வேலை செய்கிறது. கந்தோர் வாசலில் முத்திரை வாங்க வருகிறவர்களை விட 'வயர்க் கடிதம்' அனுப்ப வருகிறவர்கள்தான் இப்போது கூட. ஆனால் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சுஜித்தா குவைத்தில் இருக்கிற புருஷனுக்குச் சொன்னது, "குடிச்சிப்போட்டுக் கிடக்காம புள்ளைக்குப் பால்மாவுக்கு வழியப் பாரு, மூதேவி" என்று. நான் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். அவன் பதில் போட்டிருக்கிறான்: "இவ்வளவு அன்பா நீ ஒருநாளும் கதைச்சதில்லையே, இத ஆரு எழுதித் தந்த?" இப்போது அவனுக்கு அவள்மேல் சந்தேகம். அவளுக்கு என்மேல் கோபம். மூதேவி எங்கே போனாள் காக்கா? வயரில் உடைந்துபோனாளா?

நான் தபாற்காரி. கடித உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், உள்ளே கை விட மாட்டேன். நீங்களும் உடைந்த எழுத்தை ஒட்டுங்கள், அதோடு கையை எடுங்கள்.

இன்னொன்று. அன்னப்பிள்ளை என்று ஒருவர் செவ்வாய் தோறும் வருகிறார், கவனித்திருப்பீர்கள். பெரிய வயல்காரர் வேலப்போடியாரின் மனைவி. அவர்களுடைய ஒரே மகன் கிசோக் டோஹாவில் கட்டட வேலை. போன வருஷம் துவக்குக்காரர்கள் அவனைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே பார்க்கக் கூடாத எதையோ அவன் பார்த்துவிட்டுத் தப்பி ஓடிவந்தான். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தையும் யாராவது படிப்பார்கள். அவர்கள் இன்னமும் போடியாரிடம் வந்து, "மகனக் கூப்பிடு" என்கிறார்கள். வளவில் கட்டியிருந்த நாயைப் போன கிழமை சுட்டுவிட்டுப் போனார்கள். போடியார் ஒவ்வொரு செய்தியிலும் மகனுக்குச் சொல்வது ஒன்றுதான்: வராதே. அந்தச் சொல்லை மட்டும் அழகுபடுத்திவிடாதீர்கள்.

தங்கேஸ்வரி


கல்முனை
09.02.1998

தங்கச்சி,

மூதேவியை எடுத்தது நான்தான். புருஷன் பெண்சாதி சண்டையைக் கடல் தாண்டி அனுப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை. அங்கே அவன் வெயிலில் சாகிறான். நீங்கள் சொன்னால் சரி, இனி மூதேவி முழுசாகப் போவாள்.

'வராதே' பத்திரமாகத்தான் போகிறது. கிசோக்குக்கு வருவதை ஒரு கொம்பனிக் கந்தோரில் இருக்கிற அவனுடைய சொந்தக்காரப் பையன் எடுத்து, வெள்ளிக்கிழமை அவன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கிசோக் நல்ல பிள்ளை போலிருக்கிறது, "ஜவுபர் அங்கிளுக்கும் ஸலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தான்.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு வந்து கடை திறக்கிறேன், வாசலில் மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர் எதிர்க்கடை மரக்கறிக்காரனைச் சுட்டார்கள். கழுத்தில் பட்டது. அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நேரே என் கடைக்குள் ஓடிவந்தான். போன் பேசுகிற கூட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடி முழுக்க இரத்தம். உள்ளேயே விழுந்துவிட்டதால் கதவைத் திறக்க முடியவில்லை, உடைத்துத்தான் எடுத்தோம். பொலிஸ் வரும்போது உயிர் இல்லை. இன்று காலை ஹப்ஸாவும் நானும் கூட்டைக் கழுவினோம். பத்து மணிக்கு ஒரு பிள்ளை வந்து சவூதிக்குக் கோல் எடுக்க வேண்டும் என்றது. அதே கூட்டுக்குள் நின்றுதான் சிரித்துச் சிரித்துக் கதைத்தது.

ஜவுபர்


வினாயகபுரம்
05.03.1998

காக்கா,

இன்றைக்கு மூட்டையில் அன்னப்பிள்ளை அக்காவின் செய்தியைப் பார்ப்பீர்கள். அதற்கு மேலான விபரத்தை முத்தலிப்பின் கையில் தருகிறேன்.

வேலப்போடியாரைக் கொன்றுவிட்டார்கள். களவெட்டியில் நெல் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். உழவு மெசின் நெற்கதிர்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் நாலு பேர் வரம்பால் நடந்து வந்தார்கள். "மகன் எப்ப வாறான்?" என்று கேட்டார்கள். "அவன் வரமாட்டான்" என்றார். முதலில் முழங்காலில் சுட்டார்கள். திரும்பவும் கேட்டார்கள். அதையேதான் சொன்னார். மறுகா வயிற்றில் சுட்டார்கள். மெசின் ஓட்டினவன் குதித்து ஓடிவிட்டான். சுக்கானைச் சுற்றுக்கென்று கட்டி வைத்திருந்ததால் மெசின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. விழுந்து கிடந்தவர்மேல் அது ஏறியபோது அவருக்கு உயிர் இருந்ததாம். அன்னப்பிள்ளை அக்கா காலைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறார். அவர்கள் அவரைத் துவக்கைக் காட்டி நிறுத்திவைத்து, பார்க்க விட்டார்கள். போகும்போது ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்: "செத்த வீட்டுக்கு மகன் வருவான்தானே. அப்ப வாறம்."

அதற்காகத்தான் கொன்றிருக்கிறார்கள் காக்கா. மகனை வரவழைக்க.

அக்கா இரத்தம் காய்ந்த சேலையோடு நேரே கந்தோருக்கு வந்தார். அழவில்லை. வாங்கில் இருந்து சொன்னார், நான் அடித்தேன்: "அப்பாவச் சுட்டுப்போட்டானுகள். அப்பா செத்துட்டார். உன்னப் புடிக்கத்தான் சுட்ட. வராத. வந்தா உன்னையும் சுடுவானுகள்." இவ்வளவுதான். திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சரி, அனுப்பு" என்றார்.

வயர் இன்று மோசமாக இரைந்தது. எழுத்து உடைந்திருந்தால் ஒட்டி, இன்றைக்கே அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் உயிர் இதில் இருக்கிறது.

தங்கேஸ்வரி


கல்முனை
08.03.1998

தங்கச்சி,

வாசித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. நானும் வயல்காரன் மகன்தான், களவெட்டியில் கெட்ட சொல்லே வாயில் எடுக்கக்கூடாது என்று வாப்பா அடித்து வளர்த்தவர். அங்கே மனிதனைக் கொன்றிருக்கிறார்கள்.

செய்தி அன்றைக்கே போய்விட்டது. பிள்ளைக்கு எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போயிருக்கும், கவலைப்பட வேண்டாம்.

இங்கே நிலைமை கெட்டுக் கிடக்கிறது. வயலுக்குப் போன எங்கள் ஆள் ஒருவரை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஹர்த்தால். சந்தியில் டயர் எரிகிறது. என் கடைக்கு முன்னால் வந்து, "இவன்தான் தமிழனுக்கு லைன் குடுக்கிறவன்" என்று கல்லெறிந்து பெயர்ப்பலகையை உடைத்தார்கள். எறிந்தவர்களில் என் சொந்த மச்சானும் ஒருவன். அவனை எட்டிப் பிடித்துக் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்தேன். கொழும்பு வயரையும் எங்கோ வெட்டிவிட்டார்கள். சரியாகும்வரை மூட்டை போகாது, வராது.

ஜவுபர்


வினாயகபுரம்
14.03.1998

ஜவுபர் அவர்களுக்கு,

வயர் வெட்டுப்பட முன்பு வந்த மூட்டையில் ஒரு பதில் கிடந்திருக்கிறது. கோல் கிடைத்த நேரம் பார்த்து நேற்று உங்கள் பெட்டியிலிருந்து எடுத்தேன். கிசோக் எழுதியது. அப்படியே தருகிறேன்:

"அம்மா, அப்பாக்கு வருத்தம் எண்டு கண்டன். எந்த ஆஸ்பத்திரி, எத்தினையாம் வாட்டு? நீங்க வரவேணாம் எண்டுதான் எப்பவும் சொல்லுவீங்க. அப்பாவ உசிரோட ஒருக்காப் பாக்காம என்னால இஞ்ச இருக்க ஏலாது. லீவு கேட்டிருக்கன். கிடைச்ச உடன ஏறுவன்."

அக்கா வந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் ஆஸ்பத்திரியில எண்டு ஆரு சொன்ன?" என்று கேட்டார்.

வருத்தம் என்று நான் அடிக்கவில்லை. வாட்டு என்று நான் அடிக்கவில்லை. அவர் புருஷனின் இரத்தம் சேலையில் காய, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை நீங்கள் என்ன செய்தீர்கள்? எந்தச் சொல்லை எடுத்தீர்கள், எதைப் போட்டீர்கள்? எனக்கு முழுதும் தெரிய வேண்டும். அவனுக்கு ஏதாவது நடந்தால் உங்களை விட மாட்டேன். கல்முனைக்கு வந்து உங்கள் கடை வாசலில் நின்று, ஊர் கேட்கச் சொல்வேன்.

தங்கேஸ்வரி


கல்முனை
16.03.1998

தங்கேஸ்வரி,

தங்கச்சி என்று எழுத இன்றைக்கு முகமில்லை.

எழுத்து உடைந்துதான் வந்தது, ஆனால் விளங்காத அளவுக்கு இல்லை. எல்லாம் விளங்கியது. நான் அனுப்பியது இது: "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். நீ வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஏன் என்று கேட்கிறீர்கள். எங்களில் ஒருவர் வபாத்தானால் உடம்பு ஆற முன்பே பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொல்லிவிடுவோம். நேரத்தோடு அடக்க வேண்டும், ஒளிக்க நேரமில்லை. உங்கள் ஆட்கள் அப்படியில்லை. எத்தனை வருஷமாக என் கடைக் கூட்டுக்குள் நின்று கதைக்கிறார்கள்! காரைதீவு ஆட்கள், பாண்டிருப்பு ஆட்கள். வீட்டில் பிரேதம் கிடக்கும்போதும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு, "அப்பாக்குக் கொஞ்சம் கடுமை" என்றுதான் சொல்வார்கள். போனை வைத்துவிட்டு என் சுவரில் சாய்ந்து நின்று அழுவார்கள். ஒருவராவது 'செத்துட்டார்' என்று நான் கேட்டதில்லை. அதுதான் உங்கள் முறை என்று படித்து வைத்திருந்தேன். அன்னப்பிள்ளை அக்கா துக்கத்தில் முறையை மறந்துவிட்டார், தனியாகக் கிடக்கிற பிள்ளையின் நெஞ்சில் இடி விழப்போகிறது, நான் முறைப்படி சொல்வோம் என்று நினைத்தேன். உங்கள் ஆட்களுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன். 'வர வேண்டாம்' இருக்கிறதுதானே என்றும் நினைத்தேன். சுகமில்லாத தகப்பனைப் பார்க்க வராதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை வராமல் இருக்கும்? இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன?

நேற்று வயர் சரிவந்த உடனே உண்மையை உள்ளபடி அடித்து அனுப்பினேன். இன்று அந்தச் சொந்தக்காரப் பையனின் பதில் வந்தது. கிசோக் பிளேன் ஏறிவிட்டான்.

கொழும்பு பஸ்ஸில்தான் வருவான், கல்முனையில் இறங்கித்தான் பொத்துவில் பஸ் எடுக்க வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அவனுடைய படம் ஒன்று வேண்டும். உங்கள் ஏச்சையெல்லாம் பிறகு வந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஜவுபர்


வினாயகபுரம்
18.03.1998

படம் இதற்குள் இருக்கிறது. இடது புருவத்தில் தழும்பு.

அந்தத் துவக்குக்காரர்கள் எங்கள் ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி ஏறிப் பார்க்கிறார்கள். நேற்று மீன் விற்க வந்த ஒரு பிள்ளையைக் கிசோக் என்று இழுத்து இறக்கி, அடையாள அட்டை பார்க்க முன்பே மண்டையை உடைத்தார்கள். இன்னும் நினைவு வரவில்லை.

பஸ்ஸில் ஏறவிட்டால் அவன் பிணம்தான். என்ன செய்வீர்களோ தெரியாது. ஏறவிட வேண்டாம்.

தங்கேஸ்வரி


கல்முனை
21.03.1998

தங்கேஸ்வரி,

முத்தலிப் இதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

வந்தான். முந்தாநாள் காலையில் கொழும்பு பஸ்ஸால் இறங்கினான். கையில் ஒரு பை, அப்பாவுக்கென்று ஒரு போர்வை. புருவத் தழும்பைப் பார்த்துக் கையைப் பிடித்தேன். "நான்தான் ஜவுபர்" என்றதும் சிரித்தான். கடைக்குக் கூட்டிவந்து, ஹப்ஸா தந்த தேத்தண்ணியைக் குடிக்கவிட்டுச் சொன்னேன். மெல்லச் சொல்லவில்லை. "உங்கட வாப்பாவச் சுட்டுட்டானுகள் மகன். மௌத்தாகிட்டார். உன்னப் புடிக்கத்தான் சுட்டிரிக்கானுகள். சந்தியில நிக்கிறானுகள்" என்றேன்.

"பொய். ஆஸ்பத்திரி எண்டுதானே வந்த" என்றான்.

"அத எழுதினது நான்."

மேசையில் இருந்த போனைத் தூக்கி என் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. விழுந்தேன். விழுந்த என்னை மிதித்தான், நெஞ்சில், வயிற்றில். நான் தடுக்கவில்லை. முத்தலிப் வந்து பிடித்து இழுத்தான். அவனுக்கும் விழுந்தது.

களைத்துப்போய் நின்று பையைத் தூக்கினான். "எங்க போறாய்?" என்றேன். "ஊருக்கு" என்றான். "நான் ஒரே மகன். கொள்ளி வெக்கவும் இல்ல. முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்காவது நான் நிக்கணும். சுட்டா சுடட்டும்." நான் காலைப் பிடித்தேன், தங்கச்சி. என் வாயிலிருந்து வழிந்த இரத்தம் அவன் சப்பாத்தில் பட, காலைப் பிடித்துக் கெஞ்சினேன். உதறினான். வெளியே பொத்துவில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் படியில் இறங்கிவிட்டான்.

முத்தலிப்பின் லொறி ஜக் லிவர் கம்பி கதவடியில் கிடந்தது. எடுத்தேன். "முத்தலிப், புடிடா அவன" என்று கத்தினேன். முத்தலிப் பின்னால் பாய்ந்து கட்டிப்பிடித்து விழுத்தினான். நான் வலது காலில் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். முதல் அடியில் முறியவில்லை. அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதை அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்ற சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் மனிதனுக்கு இரும்பால் அடித்தது இதுதான் முதல்.

பஸ் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் லொறியிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன். அவனுக்கு என் மகன் ஸப்ரியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வாட்டில் ஹப்ஸா பக்கத்திலேயே இருக்கிறா. காலுக்கு மாக்கட்டுப் போட்டிருக்கிறது, நடக்க மாதக்கணக்காகும். நான் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். நேற்று கஞ்சி ஊட்டப் போனேன், என் முகத்தில் துப்பினான்.

இது பாவமா என்று நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்வேன். உங்களிடம் கேட்கவில்லை. அன்னப்பிள்ளை அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள்: மகன் உயிரோடு இருக்கிறான். காலை முறித்தவன் நான்.

ஜவுபர்


வினாயகபுரம்
27.03.1998

காக்கா,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இது இடது கை.

உங்கள் கடிதம் வந்த அடுத்த நாள் அவர்கள் கந்தோருக்கு வந்தார்கள். பஸ் பஸ்ஸாகப் பார்த்து அலுத்துவிட்டார்கள். "உன்ர பெட்டிதானே அவனுக்குச் சொன்ன?" என்றான் ஒருவன். "ஓம், வராத எண்டு சொன்ன" என்றேன். பெட்டியைச் சுட்டார்கள். கண்ணாடி தெறித்தது. மொடத்தைச் சுவரில் அடித்தார்கள். பிறகு என் வலது கையை இழுத்து, முத்திரை குத்துகிற மேசையில் விரித்து வைத்துத் துவக்குப் பிடியால் அடித்தார்கள், "அவன் எங்க, அவன் எங்க" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக் கேட்டு. எனக்கு வலியில் உங்கள் பெயர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. டோஹாவில் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நம்பிப் போய்விட்டார்கள். விரல்கள் பழையபடி மடங்காது என்கிறார்கள்.

உங்களுக்கு ஏச வேண்டும் என்று எத்தனையோ சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். இப்போதும் உங்கள்மேல் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு என்னால் உங்களை வெறுக்க முடியவில்லை, அது எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது.

அன்னப்பிள்ளை அக்கா என்னைப் பார்க்க வந்தார். உங்கள் கடிதத்தை எரிக்க முன்பே மனப்பாடம் பண்ணிவைத்திருந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். இரண்டாவது அடி வரைக்கும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு கால்தானா முறிச்சவர்?" என்றார். "ஓம் அக்கா." "மற்றதையும் முறிச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் கட்டில்ல கிடப்பானே" என்றார். சொல்லிவிட்டு, போடியார் போன பிறகு முதல் முறையாக அழுதார். என் மடியில் தலையை வைத்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தார். மகனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றார். இங்கே பெட்டியும் இல்லை, கையும் இல்லை. இனி நீங்கள்தான் வயர். அவன் துப்பினாலும் கட்டிலடியில் நின்று வாயால் சொல்லுங்கள். அக்கா சொன்னது இது:

"மகன், அப்பாக்குக் கொள்ளி நான்தான் வெச்சன். பொம்புள வெக்கலாமா எண்டு ஊர் கேட்ட. ஊரால ஒருத்தன் அப்பாட காலப் புடிச்சி இழுக்க வந்தானா? முப்பத்தொண்டுக்கும் நான்தான் நிப்பன். உனக்கு இஞ்ச ஒரு கடனும் மிச்சமில்ல. கால் பொருந்தினதும் திரும்பிப் போ. என்னப் பாக்க வராத. நான் செத்தாலும் வராத. நான் செத்தா, செத்துட்டா எண்டுதான் உனக்கு வரும். வருத்தம் எண்டு வந்தா நான் உசிரோட இருக்கன், வருத்தம்தான், கிடந்து சுகமாகிடுவன். அத நம்பி அங்கேயே இரு."

இவ்வளவுதான். போய்ச் சொல்லுங்கள்.

தங்கேஸ்வரி